தும்பி வீடியோவின் நகல் அறை

அந்தப் பெண் முதல்முறை போனில் கூப்பிட்டபோது சங்கமித்ரா பாதிப் பேச்சிலேயே துண்டித்துவிட்டாள்.

"மேடம், நீங்க தும்பி வீடியோல வேலை பார்த்தவங்கதானுங்களே? உங்க குரல் பத்தி ஒரு விஷயம் கேக்கணும்" என்றாள் அந்தப் பெண். குரலைப் பற்றி யாராவது எதற்குக் கேட்பார்கள்? போனில் நாலு வார்த்தை பேச வைத்து, அதைப் பதிவு பண்ணி, நம் குரலிலேயே சொந்தக்காரர்களிடம் பேசி ஏமாற்றுகிறார்கள் என்று போன வாரம்தான் மருத்துவமனையில் பேசிக்கொண்டார்கள். அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தியின் மாமனாரை, போலீஸ் உடுப்புப் போட்ட ஒருவன் வீடியோ அழைப்பில் இரண்டு நாள் நாற்காலியை விட்டு எழவிடாமல் மிரட்டி வைத்திருந்தான்.

சங்கமித்ராவுக்கு ஐம்பத்தொரு வயது. பெங்களூரில் அல்சூருக்குப் பக்கத்தில் ஒரு கண் மருத்துவமனையில், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வேலை. பிறந்தது, கல்யாணமாகி இருப்பது எல்லாம் ஜோகுபாளையத்தில்தான். யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை அவள். "சுவிட்சைப் போட்டா பல்பு எரிஞ்சாக்கூட ஏன் எரியுதுன்னு பாக்குறவ" என்று அவள் கணவர் பச்சைமுத்து சொல்வார். கல்யாணமான புதிதில் அவள் இப்படி இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

இரண்டாம் முறை அழைப்பு வரவில்லை. நேராக அந்தப் பெண்ணே வந்து டோக்கன் வரிசையில் நின்றாள். முறை வந்ததும், "கண்ணுல ஒண்ணும் இல்லீங்க மேடம். நான் வைஷ்ணவி. போன் பண்ணினேன்ல. பத்து நிமிஷம் பேசினா போதும்" என்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. சங்கமித்ரா அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். வைட்ஃபீல்ட் விலாசம்.

"என் நம்பர் யார் குடுத்தாங்க?"

"நாகேஷ் சாருங்க. தும்பி வீடியோல எடிட்டரா இருந்தாரே, அவரு. இப்ப ஒரு காலேஜ்ல சொல்லிக் குடுக்கறாரு."

பெயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டு விலாசம் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் எதிரே இருக்கும் தர்ஷினி ஹோட்டலுக்கு வரச் சொன்னாள். அங்கே நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். யாரும் அதிக நேரம் பேச முடியாது.

வைஷ்ணவி நாமக்கல்காரி. பெங்களூருக்கு வந்து இரண்டு வருஷம். பழைய குழந்தைகள் வீடியோக்களை வாங்கி இணையத்தில் போடும் கம்பெனியில் வேலை. தும்பி வீடியோவின் படங்களை மொத்தமாக அவர்கள் வாங்கிவிட்டார்கள். படங்களோடு அந்தக் கம்பெனியின் வரலாற்றையும் எழுதிப் போட வேண்டும் என்பது அவளுக்குக் கொடுத்த வேலை.

"வரலாறுன்னா? அதுல எழுத என்னம்மா இருக்கு?" என்றாள் சங்கமித்ரா.

இருந்தது. அவளுக்கே தெரியும்.

தும்பி வீடியோ தொடங்கியது மல்லேஸ்வரத்தில், கிருஷ்ணப்பா என்பவருடைய வீட்டின் முன்னறையில். முதலில் அது சினிமா கேசட் வாடகைக்குக் கொடுக்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு வரும் பிள்ளைகள், தங்களுக்கு ஒன்றும் இல்லையா என்று அலமாரி அலமாரியாகத் தேடுவதை கிருஷ்ணப்பா கவனித்தார். தொண்ணூற்று ஒன்றில் வீட்டு ஹாலில் ஒரு திரை கட்டி, பொம்மலாட்டம் தெரிந்த இரண்டு பேரை அழைத்து, தமிழிலும் கன்னடத்திலும் முதல் கேசட்டை எடுத்தார். யானை, ஆமை, டப்பு என்ற தவளை. குழந்தைகளுக்கு டப்புவைத்தான் பிடித்தது. இரண்டு வருஷத்தில் ஹால் போதாமல் பின்பக்கத்து வீட்டையும் சேர்த்து எடுத்தார்கள். அப்புறம் கேபிள் சேனல் ஒன்றில் சனிக்கிழமை காலையில் அரைமணி நேர நிகழ்ச்சியும் வந்தது.

சங்கமித்ரா தொண்ணூற்று நாலில் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். இருபது வயது. வேலை, நகல் அறையில். ஜன்னல் இல்லாத அறை. சுவரை ஒட்டி இருபத்துநாலு வி.சி.ஆர். பெட்டிகள். எடிட்டிங் அறையிலிருந்து வரும் மாஸ்டர் டேப்பை முதல் பெட்டியில் போட்டால், மற்ற இருபத்து மூன்றிலும் அது பதிவாகும். ஒன்றரை மணி நேரப் படம் என்றால் ஒன்றரை மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். ஒரு நாளில் ஐந்து தடவை அதே படம், அதே பாட்டு. பெட்டிகளின் சூட்டில் மார்கழியிலும் வியர்க்கும். பதிவான கேசட்டுகளை நடுநடுவே ஓட்டிப் பார்த்து, கோடு விழுந்ததை ஒதுக்கி, மற்றதற்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

அவளோடு அங்கே வேலை பார்த்தவள் சந்திரம்மா. அதே ஜோகுபாளையம், இரண்டு தெரு தள்ளி. ஏழு வயது மூத்தவள். இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். கேட்டுக் கேட்டுப் படத்தின் வசனம் முழுக்க மனப்பாடமாகிவிட, சங்கமித்ரா தன் கரகரத்த தொண்டையில் டப்பு மாதிரி பேசிக் காட்டுவாள். சந்திரம்மா ஸ்டிக்கர் ஒட்ட முடியாமல் சிரிப்பாள்.

"ரெண்டு படம் வெச்சிருக்கோம் மேடம்" என்று வைஷ்ணவி போனை எடுத்தாள். "ரெண்டும் 'மாமரத்தடி மழை'தான். ஒண்ணு கம்பெனி அலமாரியில கிடைச்ச மாஸ்டர். இன்னொண்ணு யாரோ சின்ன வயசுல பாத்த கேசட்டை இணையத்துல ஏத்தியிருக்காங்க. ரெண்டுலயும் டப்புவுக்குக் குரல் ஆஞ்சலான்னுதான் எழுத்து போடுது. ஆனா குரல் வேற வேற. நாகேஷ் சாரு மாஸ்டர்ல இருக்கறது உங்க குரல்னு சொன்னாரு. அப்ப இது என்ன, எப்படி வந்துதுன்னு எனக்குப் புரியலைங்க."

அந்தப் படத்தின் பெயரைக் கேட்டதுமே சங்கமித்ரா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

தொண்ணூற்று ஒன்பது ஏப்ரலில், கோடை விடுமுறைக்கு என்று எடுத்த படம் அது. வருஷம் முழுக்க எதிர்பார்த்தது. படம் முடிந்து, பெயர்கள் எல்லாம் போட்ட பிறகு, கிருஷ்ணப்பாவுக்கு ஆஞ்சலாவின் டப்பு குரல் பிடிக்காமல் போயிற்று. ரொம்ப நளினமாக இருக்கிறது, தவளை மாதிரி இல்லை என்றார். ஆஞ்சலா அதற்குள் மஸ்கட்டில் இருந்த கணவரிடம் போய்விட்டாள். ஒருநாள் நகல் அறைப் பக்கம் வந்த கிருஷ்ணப்பா, சங்கமித்ரா சந்திரம்மாவுக்குப் பேசிக் காட்டுவதைக் கேட்டு, அங்கேயே நின்றுவிட்டார். ஒரு திங்கள்கிழமை முழுக்க மைக் முன்னால் உட்கார வைத்து டப்புவின் வசனங்கள் அத்தனையையும் அவள் குரலில் மாற்றினார்கள். பெயர் எழுத்துகளை மாற்ற நேரமில்லை. ஆஞ்சலா பெயரே இருந்தது. புதன்கிழமை அந்த மாஸ்டர் நகல் அறைக்கு வந்தது.

சனிக்கிழமை, வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால், மெஜஸ்டிக் பஸ் நிலையம் பக்கம் நடைபாதையில் அதன் திருட்டு கேசட் விற்றுக்கொண்டிருந்தது.

கிருஷ்ணப்பா அந்தக் கேசட்டைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்தார். கோணலாக ஒட்டிய ஜெராக்ஸ் ஸ்டிக்கர். யாரும் அதை ஓட்டிப் பார்க்கவில்லை. "போலீஸ்ல குடுக்கப்போறேன்" என்று தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மாஸ்டர் இருந்தது நகல் அறையில். அறைக்குச் சாவி இரண்டு பேரிடம்.

"வியாழக்கிழமை நீ ஏதாவது பாத்தியாம்மா? யோசிச்சு சொல்லு" என்று அவளிடம் கேட்டார்.

பார்த்திருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் சந்திரம்மா தன் மஞ்சள் பையில் ஒரு கேசட்டை வைத்துக்கொண்டாள். கோடு விழுந்து ஒதுக்கிய பாட்டு கேசட்டுகளை வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போவது அங்கே எல்லோரும் செய்வதுதான். சந்திரம்மாவின் மகள் சுனிதாவுக்கு அப்போது ஆறு வயது. அது என்ன கேசட் என்று சங்கமித்ரா பார்க்கவில்லை. ஆனால் கிருஷ்ணப்பா கேட்டபோது, தன் மேல் வந்துவிடுமோ என்ற பயத்தில், "பையில ஒண்ணு வெச்சாங்க சார். புது கேசட்டு மாதிரி இருந்திச்சு" என்றாள்.

பழைய பாட்டு கேசட்தான் என்று சந்திரம்மா சொன்னதை யாரும் நம்பவில்லை. அன்றைக்கே நின்றுவிடச் சொன்னார்கள். அடுத்த நாளிலிருந்து நகல் அறைக்காரர்கள் வெளியே போகும்போது வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று ஆயிற்று. கேசட் போய் சி.டி. வந்து, இரண்டாயிரத்து நாலில் தும்பி வீடியோ மூடுகிறவரை ஐந்து வருஷம், சங்கமித்ரா தினமும் டிபன் பாக்ஸ் மூடியைக்கூடத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு தடவையும் சந்திரம்மா மேல்தான் கோபம் வந்தது. இவள் பண்ணியதற்கு நான் காட்டுகிறேன் என்று. அவள்தான் செய்தாள் என்று முதலில் பாதி நம்பினாள். பிறகு முழுக்க நம்பினாள். நம்பாவிட்டால், தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை என்ன செய்வது?

ஜோகுபாளையத்தில் சந்திரம்மாவுக்குக் 'கேசட்டு' என்றே பெயராகிவிட்டது. குழாயடியில் குடம் காணாமல் போனாலும் அவள் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள்.

"இது எங்கிருந்து வந்துதுன்னு தெரியுதா?" என்று சங்கமித்ரா இணையத்தில் ஏற்றியிருந்த படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"கேசட் போட்டோவும் போட்டிருக்காங்க மேடம். பாருங்க."

கோணலாக ஒட்டிய ஜெராக்ஸ் ஸ்டிக்கர்.

"ஓட்டும்மா" என்றாள்.

மழை பெய்கிறது. மாமரத்தடியில் டப்பு தாவி வருகிறது. வாயைத் திறக்கிறது. ஆஞ்சலாவின் நளினமான குரல்.

சங்கமித்ரா போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். தர்ஷினி இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை. பிறகு கடைசிப் பாட்டை வைக்கச் சொன்னாள். அதிலும் ஆஞ்சலாதான். நகல் அறைக்கு வந்த மாஸ்டரில் முதல் எழுத்திலிருந்து கடைசிவரை டப்பு சங்கமித்ராவின் குரலில்தான் பேசியது. ஆஞ்சலா குரல் இருந்த படம் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. இல்லாத ஒன்றைச் சந்திரம்மா எப்படி எடுத்துப் போயிருக்க முடியும்?

"மேடம்? என்னாச்சுங்க?"

"இந்தப் பழைய குரலோட படம் யார்கிட்ட இருந்திச்சு? அதை நாகேஷ் சாரைக் கேளு. இப்பவே கேளு."

வைஷ்ணவி அங்கேயே நின்று போன் செய்தாள். நாகேஷுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குரல் மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்னால், சேனல்காரர்களுக்குக் காட்ட என்று ஒரே ஒரு நகல் எடிட்டிங் அறையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் கிருஷ்ணப்பா.

அன்று மாலை வேலையில் டோக்கன் எண்களை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்துவிட்டாள். மனதில் எல்லாமே சந்தேகமாக இருந்தது. இந்தப் பெண் உண்மையிலேயே வரலாறுதான் எழுதுகிறாளா, இல்லை கிருஷ்ணப்பாவே யாரையாவது விட்டு இப்போது எதையாவது கிளறுகிறாரா? நாகேஷ் இத்தனை வருஷம் ஏன் வாய் திறக்கவில்லை? அவரும் அந்தக் கேசட்டை ஓட்டிப் பார்த்ததில்லை என்று வைஷ்ணவி சொன்னாள். அது நிஜமா? வைஷ்ணவி ஒரு படிவம் வேறு கொடுத்திருந்தாள், பெயரும் குரலும் போட்டுக்கொள்ள சம்மதக் கையெழுத்துக்காக. நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் அவள் குரலை 'எந்த வடிவிலும்' பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. சங்கமித்ரா அதைப் பேனாவால் அடித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் மடித்து வைத்தாள்.

வீட்டில் பச்சைமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அவரு வயசானவரு. போய் சண்டை போட்டு இன்னா ஆவப்போவுது?" என்றார்.

"சண்டை போடப் போவலை. அந்தக் கேசட்டை அவரு ஓட்டிப் பாத்தாரா இல்லையான்னு மட்டும் கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மல்லேஸ்வரம் போனாள். வீடு அப்படியேதான் இருந்தது. நகல் அறை இருந்த பின்பக்கம் மட்டும் இடித்து மூன்று மாடி கட்டியிருந்தார்கள். கதவைத் திறந்தவள் கிருஷ்ணப்பாவின் மருமகள் மமதா. "தும்பில வேலை பார்த்தீங்களா? மாமாவுக்கு ரொம்பக் குஷியாகும்" என்று உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்து, காபி கொண்டுவந்தாள்.

கிருஷ்ணப்பாவுக்கு எண்பது வயது. காது சரியாகக் கேட்டது. "வாம்மா, டப்பு!" என்று சிரித்தார். "வைட்ஃபீல்ட்ல இருந்து அந்த ஹுடுகி, அந்தப் பொண்ணு வந்தாளா? நானே சொன்னேன், எல்லாரையும் பாருன்னு. நம்ம சரித்திரம் எழுதறாங்க, நோடு, பாரு."

சங்கமித்ரா காபியைத் தொடவில்லை. "சார், தொண்ணூத்தொம்பதுல அந்தத் திருட்டு கேசட்டு கொண்டாந்தீங்களே. நீங்க அதை ஓட்டிப் பாத்தீங்களா?"

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "அதெல்லாம் இப்ப எதுக்கம்மா?"

"பாத்தீங்களா, இல்லையா?"

"ஞாபகம் இல்லை."

"அதுல டப்பு ஆஞ்சலா குரல்ல பேசுது சார். நான் கேட்டேன். எங்க ரூமுக்கு வந்ததுல என் குரலு. எப்படி சார்?"

கிருஷ்ணப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார். மமதா அங்கே நின்றுகொண்டிருந்தாள். போகவில்லை. தெருவில் பூக்காரன் கூவிக்கொண்டு போனான்.

"பாத்தேன்" என்றார் கடைசியில். "அன்னைக்கே பாத்தேன். முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சுபோச்சு. சேனலுக்குக் காட்டச் சொல்லி என் மச்சினன் நாணுகிட்ட குடுத்த காப்பி அது. அவன்தான் வித்திருக்கான். என் மனைவி கால்ல விழாத குறை. தம்பியைப் போலீஸ்ல குடுக்காதீங்கன்னு. நான் என்ன பண்றது?"

"எங்களைக் கூப்பிட்டு விசாரிச்சீங்களே சார், அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"ஊர் பூரா கேக்குதே, யார் எடுத்தான்னு. ஏதாவது சொல்லணுமில்ல?" என்றவர், திடீரென்று குரலை உயர்த்தினார். "நான் யார் பேரும் சொல்லலையே! நீதானே சொன்னே, சந்திரம்மா பையில பாத்தேன்னு. நீ சொல்லலைன்னா நான் எதுக்கு அவளை நிறுத்தறேன்?"

அது சங்கமித்ராவுக்குச் சரியான இடத்தில் போய்த் தைத்தது. இருபத்தாறு வருஷமாக அவள் தொடாமல் வைத்திருந்த இடம். ஆனால் எழுந்துவிடவில்லை.

"ஆமா சார். நான் பாக்காததைப் பாத்த மாதிரி சொன்னேன். அது என் தப்பு. அதை நான் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன். நீங்க பாத்ததை நீங்க சொல்லவே இல்லையே சார். அது?"

அவர் தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எழுதிக் குடுங்க சார்."

"எதுக்கு? செத்துப்போனவன் மேல பழி போடச் சொல்றியா? நாணு போய் பத்து வருஷம் ஆகுது."

"அவரு பேரு வேணாம். சந்திரம்மா எடுக்கலைன்னு எழுதுங்க. அது உங்களுக்கு அன்னைக்கே தெரியும்னு எழுதுங்க."

"முடியாதம்மா. இப்ப சரித்திரம் எழுதற நேரத்துல..."

மமதா உள்ளே போனாள். பேச்சு அவ்வளவுதான் என்று சங்கமித்ரா நினைத்தாள். ஆனால் மமதா ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து மாமனார் மடியில் வைத்தாள். "பரீரி மாமா" என்றாள், எழுதுங்கள் என்று. "நம்ம வீட்டுல ஒரு வேலைக்காரியை யாராவது இப்படிச் சொல்லி அனுப்பினா நீங்க சும்மா இருப்பீங்களா?"

கிருஷ்ணப்பா கன்னடத்தில் எழுதினார். ஐந்து வரி. சங்கமித்ரா வாங்கி வாசித்தாள். 'ஒரு பெண் ஊழியர்' என்று இருந்தது. "பேரு எழுதுங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தாள். சந்திரம்மா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காபி ஆறிப் போயிருந்தது.

சந்திரம்மாவைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. ஜோகுபாளையத்திலேயே இருந்த அவளுடைய அண்ணன், எதற்கு விலாசம் என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, தங்கையிடம் போனில் கேட்டு, பிறகுதான் கொடுத்தார். காடுகோடிக்குப் பக்கத்தில், மெட்ரோ கடைசி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். வைட்ஃபீல்ட் அடுக்குமாடி ஒன்றின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறாள் என்றும் சொன்னார்.

மெட்ரோவில் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தாள். எதுவும் சரியாக வரவில்லை.

சந்திரம்மா இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. முகம் மாறவில்லை.

"எதுக்கு வந்தே?"

"உன்னைப் பாக்கத்தாங்கா."

"இருவத்தாறு வருஷம் கழிச்சா? இன்னா வேணும்? எங்கனா கையெழுத்து போடணுமா? பழைய கேசட்டெல்லாம் மறுபடி வருதாமே. காப்பகத்துல பசங்களுக்குப் போட்டுக் காட்டுறாங்க. அதான் ஏதோ வேலையா வந்திருக்கே."

"இல்லக்கா. நீ எடுக்கலை. எனக்கு இப்பதான் தெரியும்."

சந்திரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எடுக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

சங்கமித்ரா கேட்டின் கம்பிகளுக்கு நடுவே கடிதத்தை நீட்டினாள். ஆஞ்சலா குரலையும் தன் குரலையும் பற்றிச் சொன்னாள், நாணுவைப் பற்றிச் சொன்னாள். சந்திரம்மாவுக்குக் கன்னடம் நன்றாகப் படிக்க வரும். ஒவ்வொரு வரியாக உதடு அசையப் படித்தாள். படித்து முடித்ததும் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல உன் பேரு எங்கே?"

"என் பேரா?"

"ஆமா. அவரு தெரிஞ்சும் சொல்லலை, சரி. ஆனா அவரு எனக்கு யாரு? மொதலாளி. நீ யாரு மித்ரா? ஒரே பஸ்ல வந்தோமே. சுனிதாவுக்குக் காய்ச்சல்னா எனக்கும் சேத்து நீ ஸ்டிக்கர் ஒட்டுவியே. நீ சொன்னேன்னு அவரு சொன்னப்ப நான் நம்பலை. உன்கிட்டயே கேக்கலாம்னு பஸ் ஸ்டாப்ல நின்னேன். நீ வேற பஸ்ல போயிட்டே."

அது நடந்திருந்தது. தூரத்தில் சந்திரம்மாவைப் பார்த்ததும் சங்கமித்ரா அடுத்த நிறுத்தம்வரை நடந்து போய் ஏறினாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

"பேனா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

சந்திரம்மா உள்ளே போய் எடுத்து வந்தாள். கேட்டையும் திறந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, தாளின் பின்பக்கத்தில் சங்கமித்ரா தமிழில் எழுதினாள். பையில் ஒரு கேசட்டைப் பார்த்ததாகவும், அது எந்தக் கேசட் என்று பார்க்கவில்லை என்றும், புதிய கேசட் மாதிரி இருந்தது என்று தான் சொன்னது பொய் என்றும், பயத்தில் சொன்னதாகவும். பயத்தில் என்ற சொல்லை எழுதிவிட்டு, அது சாக்குச் சொல்வது போல் இருக்கவே அடித்தாள். கீழே பெயரும் தேதியும் போட்டாள்.

சந்திரம்மா அதையும் படித்தாள். இரண்டு பக்கத்தையும் போனில் படம் பிடித்தாள். ஒசூரில் இருக்கும் மகள் சுனிதாவுக்கு அனுப்பினாள். பிறகு அழுதாள். சத்தம் இல்லாமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமலே அழுதாள். சங்கமித்ரா தொடப் போனபோது கையை விலக்கினாள்.

"பேப்பர்ல எழுதினது பத்தாது" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணன் பேத்திக்குக் காது குத்து. ஜோகுபாளையத்துலதான். அந்தத் தெருக்காரங்க அத்தனை பேரும் வருவாங்க. நீ வந்து வாயால சொல்லு."

"வரேன்" என்றாள்.

பச்சைமுத்து வேண்டாம் என்றார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், இனி உன்னைக் 'கேசட்டு' என்பார்கள் என்றார். ஆனாலும் அன்றைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். சாப்பாட்டுக்கு முன்னால், பந்தலில் இருந்த அறுபது எழுபது பேருக்கு முன் சங்கமித்ரா எழுந்து நின்று சொன்னாள். குரல் கரகரத்தது. நடுவில் ஒருத்தி, "அப்ப அவளை அத்தினி பேச்சு பேசினோமே" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒரு கிழவர் சங்கமித்ராவைப் பார்த்துத் துப்பாத குறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்திரம்மா பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யார் தலையைக் குனிகிறார்கள் என்று எண்ணுவது போல இருந்தது.

சங்கமித்ரா சொன்னதையும் சேர்த்து வைஷ்ணவி எழுதிய வரலாறு இரண்டு மாதம் கழித்து இணையத்தில் வந்தது. சங்கமித்ரா அடித்த வரி இல்லாத புதுப் படிவத்தை வைஷ்ணவியின் கம்பெனி கொடுத்த பிறகுதான், நாலு பக்கத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நாணு பற்றிய பகுதியைக் கம்பெனி வக்கீல்கள் எடுத்துவிட்டார்கள். திருட்டு கேசட் நகல் அறையிலிருந்து போகவில்லை என்பதும், அதற்காகச் சந்திரம்மா என்ற ஊழியர் தவறாக நீக்கப்பட்டார் என்பதும் இருந்தன. டப்புவின் குரலாக இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் ஆஞ்சலா.

சந்திரம்மா இப்போது மாதத்தில் ஒருமுறை இருமுறை போன் செய்கிறாள். காப்பகத்துப் பிள்ளைகளைப் பற்றி, சுனிதாவைப் பற்றி ஏதாவது சொல்வாள். ஆனால் சங்கமித்ராவாகக் கூப்பிட்டால் மட்டும், எடுத்ததும் சிறிது நேரம் பேச மாட்டாள். பிறகு, "சொல்லு, இன்னா விஷயம்?" என்பாள்.

"சும்மாதாங்கா" என்பாள் சங்கமித்ரா. அதைச் சந்திரம்மா நம்புவதற்குக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, பேச ஆரம்பிப்பாள்.